சிவப்பு அலைவரிசை

கீழக்கரிசல்பட்டியில் இரண்டு பாயிண்ட் டவர் கிடைத்துக்கொண்டிருந்தது. உலகத்துக்கு அது பொறுக்கவில்லை.

சிவகாசிக்கும் விருதுநகருக்கும் நடுவில் கிடக்கிற ஊர். சுற்றிலும் நாலு பட்டாசுக் கம்பெனி, மிச்சமெல்லாம் கரிசல் காடு. ஒரு நாள் மத்தியானம் ஊரிலுள்ள எல்லாப் போனுக்கும் ஒரே நேரத்தில் ஒரு செய்தி வந்தது. ‘உங்கள் சேவையை மேம்படுத்தும் பொருட்டு உங்கள் பகுதியின் அலைவரிசை காலி செய்யப்படுகிறது. எங்களுடன் இணைந்திருப்பதற்கு நன்றி.’ படித்து முடிப்பதற்குள் இரண்டு பாயிண்டும் போய்விட்டன. நன்றி என்ற வார்த்தை வரைக்கும் வந்து சேர்ந்ததே என்று ஆச்சரியப்பட்டவர்களும் ஊரில் உண்டு.

பொன்னுத்தங்கம் ஊராட்சித் தலைவி. பெண்களுக்கென்று ஒதுக்கிய வருடத்தில், கம்பெனியில் திரி உருட்டிக்கொண்டிருந்தவளை இழுத்துவந்து நிற்க வைத்தார்கள். எதிர்த்து நின்றவளைவிடக் கடன் குறைவு என்பதால் ஜெயித்தாள். புருஷன் போய்ச் சேர்ந்து ரொம்ப காலமாகிறது. ஒரே மகள் யோகேஸ்வரி, வெள்ளைத்துரையின் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற அறையில் வேலை பார்க்கிறாள். அந்த அறைக்குள் வேலை செய்கிற பிள்ளையைப் பெற்றவளுக்கு இரண்டு பாயிண்ட் டவர் என்பது பொழுதுபோக்கு அல்ல.

கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. காலையில் எல்லோரும் அதில் போனைப் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். சாவி வாட்ச்மேன் பெத்தணனிடம். உள்ளே ஏதாவது அசம்பாவிதம் என்றால் கைக்கு அகப்படுகிற போனை எடுத்து ஆம்புலன்ஸுக்கு அடிப்பது அவன் வேலை. ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த அந்தப் பெட்டி, செய்தி வந்த நாளோடு ஊமையாகிவிட்டது.

பொன்னுத்தங்கம் பஸ் ஏறி விருதுநகருக்குப் போய், போன் கம்பெனிக்காரர்களின் கடையில் கேட்டாள். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் ரொம்பப் பணிவாகப் பதில் சொன்னாள்.

“மேடம், உலகம் பூரா ஒரே அலைவரிசைக்கு வரப்போகுது. ஒத்திசைவுன்னு பேரு. உங்க ஊர்ல இருந்தது உலகத்தோட ஒத்துப்போகாத அலைவரிசை. அதை அடுத்த தலைமுறைக்கு ஒதுக்கியாச்சு.”

“அது எப்பம்மா வரும்?”

“ரெண்டாயிரத்து முப்பதுல பேச்சுவார்த்தை முடியும் மேடம்.”

“அதுவரைக்கும் நாங்க என்ன செய்ய?”

அந்தப் பெண் யோசித்துப் பார்த்துவிட்டு, அதற்கு ஏற்ற புதுப் போன் தவணைக்குக் கிடைக்கும் என்றாள்.

உலகம் ஒத்துப்போகிற வரைக்கும் உட்கார்ந்திருக்க முடியாது என்று ஊர்க்காரர்கள் தாங்களே ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். நாலு கம்பெனி முதலாளிகளும் பெத்தணனும் மெயின்ரோட்டில் ஆம்புலன்ஸை நிறுத்திக்கொண்டு காத்திருக்கிற டிரைவர் ஆரோக்கியமும் டீக்கடையில் உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு வடை தின்று முடிப்பதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. உள்ளே விபத்து என்றால், கேட்டிலிருந்து வாட்ச்மேன் ஒரு சிவப்பு வாணம் விடவேண்டும். வெயிலிலும் கண்ணைக் குத்துகிற கெட்டிச் சிவப்பு. ஆரோக்கியம் அதைப் பார்த்ததும் வண்டியை எடுக்கவேண்டும். விபத்தைத் தவிர வேறு எதற்கும், சரக்கைச் சோதித்துப் பார்ப்பதற்குக்கூட, யாரும் சிவப்பை மேலே விடக் கூடாது.

வெறும் வெடிச் சத்தம் போதாதா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அந்தப் பக்கத்தில் வெடிச் சத்தத்துக்கு யாரும் தலையைத் திருப்புவதில்லை. நாள் முழுக்க நாலு கம்பெனியும் வெடித்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். புகைக்கும் அதே மரியாதைதான், கழிவைப் போட்டு எரிக்காத நாள் கிடையாது. சிவப்பு ஒன்றுதான் அங்கே யாரும் விளையாடாத பொருளாக இருந்தது. கட்சிக்காரப் பையன்கள் தலைவரின் பிறந்தநாளுக்கு ஒரு சிவப்பை விட்டுவிட்டு ஊர்க்காரர்களிடம் வாங்கிய அறையை இன்னும் மறக்கவில்லை. இரண்டு விபத்துகளில் இந்த ஏற்பாடு உயிர்களைக் காப்பாற்றவும் செய்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பொன்னுத்தங்கம் தலைவி. டவர் கேட்டு மனுக் கொடுப்பது தன் கடமை என்று நினைத்தாள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர், “மனசு இளகுற மாதிரி ஏதாச்சும் சொல்லுங்கம்மா, வெறுமனே டவர் வேணும்னா யாரு பாப்பாக?” என்று கேட்டார். அவளும், டவர் இல்லாத கொடுமையில் சிவப்பு வாணம் விட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறோம் ஐயா என்று எழுதச் சொன்னாள். மனு உண்மையிலேயே இளக்கிவிட்டது. மாவட்டத்தில் இளகி, சென்னையில் இளகி, கடைசியில் ஜெனீவாவில் இருக்கிற அனைத்துலக அலைவரிசை ஒத்திசைவு வாரியத்தின் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தது.

வாரியம் மூன்று காரில் வந்தது. முதல் காரில் இந்தியாவுக்கான இயக்குநர் லட்சுமிகாந்தம், இரண்டாவதில் அவருடைய உதவிப் பொறியாளர் ராம்குமார், மூன்றாவதில் ஒரு கருவி. கருவியை இறக்கும்போது மட்டும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் அதை வைத்து வானத்தை அளந்தார்கள். அளந்து முடித்ததும் லட்சுமிகாந்தத்தின் கண் கலங்கிவிட்டது.

“பெரியோர்களே, தாய்மார்களே,” என்று மைக்கில் பேசினார். “உங்கள் ஊர் வானத்தில் நாங்கள் கண்டது என்ன? ஒன்றுமில்லை. இந்த ஒன்றுமில்லாமைக்காக மற்ற நாடுகள் பாலைவனத்துக்குப் போகின்றன, பனிப்பிரதேசத்துக்குப் போகின்றன. நீங்களோ அதைப் பைசாச் செலவில்லாமல் வைத்திருக்கிறீர்கள். ஜெனீவாவில் உட்கார்ந்திருக்கிற நாங்கள் உங்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. இந்தத் தூய்மையைக் கெடுத்துவிடாதீர்கள்.”

ஊர் கைதட்டியது. டவர் வரப்போகிறது என்று நினைத்துத்தான் தட்டினார்கள்.

கூட்டம் முடிந்ததும் லட்சுமிகாந்தம் பொன்னுத்தங்கத்தைத் தனியே கூப்பிட்டார். வெள்ளைத்துரையும் கூடவே போனார்.

“இந்தச் சிவப்பு விஷயம். அம்மா, சிவப்பு என்றால் என்ன?”

பொன்னுத்தங்கம் முழித்தாள். “சிவப்புன்னா சிவப்புதான் சார்.”

“இல்லை. சிவப்பு என்பது நானூற்றைம்பது டெராஹெர்ட்ஸ். வெளிச்சமும் அலைதான். நீங்கள் ஒரு அலைவரிசையில், உரிமம் பெறாமல், ஒரு வருடமாக ஒளிபரப்பு நடத்திவருகிறீர்கள்.”

“வெளிச்சத்துக்குக்கூடவா சார் லைசென்ஸு?”

“வெளிச்சத்துக்கு இல்லை. அர்த்தத்துக்கு. ஒரு நிறத்துக்கு ஊரே சேர்ந்து ஒரு அர்த்தம் வைத்துவிட்டால் அது தகவல் தொடர்பு. தகவல் தொடர்பு எங்கள் துறை.”

கேஸ் போட்டுவிடுவார்களோ என்று பயந்துபோனாள். தெரியாமல் செய்துவிட்டோம் என்று கும்பிட்டாள். லட்சுமிகாந்தம் பெருந்தன்மையான மனிதர், கேஸ் போடப் போவதில்லை என்றார்.

“இன்றைக்கு எங்கள் அதிகாரம் கீழ் அலைவரிசைகளோடு நின்றுவிடுகிறது, உண்மைதான். ஆனால் ஆறாம் தலைமுறை மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. ஏழாவது வரும், எட்டாவது வரும். என்றைக்காவது ஒருநாள் சிவப்புக்கு வந்து சேரும். அவர்கள் வந்து நிற்கும்போது இடம் காலியாக இருக்க வேண்டாமா? அதனால் சிவப்பை ஒதுக்கிவைக்கிறோம்.”

“அப்ப உள்ள ஏதாச்சும் ஆச்சுன்னா?”

“உங்களை விட்டுவிடுவோமா? விபத்துக்குப் பச்சை. நாற்பது நாடுகள் ஒப்புக்கொண்டது.”

வெள்ளைத்துரை தொண்டையைச் செருமினார். “சார், பச்சை வெளிச்சத்துக்குப் பேரியம் உப்பு வேணும். அதைக் கோர்ட்டு தடை பண்ணி வருசக்கணக்காச்சு. பச்சை செஞ்சேன்னா கம்பெனியப் பூட்டிச் சாவியக் கையோட வாங்கிட்டுப் போயிருவாக.”

“அது வேறு துறை,” என்றார் லட்சுமிகாந்தம். “எங்கள் பங்குக்கு ஒதுக்கியாகிவிட்டது.”

வெள்ளை விடலாம் என்றால், நாலு கம்பெனியும் நாள்முழுக்கச் சோதிப்பதே வெள்ளையைத்தான். மஞ்சள் வெயிலில் தெரியாது. இதையெல்லாம் வெள்ளைத்துரை சொல்லச் சொல்ல லட்சுமிகாந்தம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அவருக்கு ஜெனீவாவில் தலையாட்டியே பழக்கம். டவர் எப்போது வரும் என்று பொன்னுத்தங்கம் கேட்டாள். ஒத்திசைவு முடிந்ததும் டவர், மாநாடு முடிந்ததும் ஒத்திசைவு, ஆய்வு முடிந்ததும் மாநாடு. ஆய்வு இங்கேதான் நடக்கப்போகிறது என்றார். ஊராட்சித் தலைவி என்ற முறையில் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டாள். டவருக்குத்தான் போடுகிறோம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

கேட்டுகளில் இருந்த சிவப்பு வாணங்களைச் சாக்கில் கட்டி, அரக்கு முத்திரை வைத்து, அந்தந்த வாட்ச்மேனிடமே ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். முத்திரையை உடைத்தால் குற்றம்.

அதோடும் முடியவில்லை. அடுத்த மாதமே லட்சுமிகாந்தம் கவலையோடு திரும்பி வந்தார். ஒதுக்கிவைத்த அலைவரிசையைச் சும்மா போட்டுவைத்தால் அடுத்தவன் உரிமை கொண்டாடுவானாம். எங்கேயோ சமுத்திரத்தில் இருக்கிற ஒரு தீவு நாடு, நம்முடைய மல்லாங்கிணறு அளவுகூட இருக்காது, சிவப்பு எனக்கு வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டதாம். அதற்கும் ஒரு ஓட்டு, நமக்கும் ஒரு ஓட்டு. எனவே இந்தியா தன் சிவப்பைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது என்று காட்டியாக வேண்டும். தினமும் காலை பதினோரு மணிக்கு, பள்ளிக்கூட மைதானத்திலிருந்து, வாரியத்தின் சார்பில் ஒரு சிவப்பு வாணம் மேலே போகும்.

வாணம் சப்ளை செய்கிற ஆர்டர் வெள்ளைத்துரைக்கே கிடைத்தது. பொன்னுத்தங்கம் அவர் வீட்டுக்குப் போய் முறையிட்டாள்.

“அண்ணாச்சி, இது நல்லதுக்கில்ல. நீங்களாவது மாட்டேன்னு சொல்லுங்க.”

“நான் மாட்டேன்னா பக்கத்துக் கம்பெனிக்காரன் தரப்போறான். சீசன் இல்லாத மாசத்துலயும் ஓடுற ஆர்டர் தாயி. உம் மகளுக்கும் சேத்துத்தான வேலை.” அவர் சொன்னதில் பொய்யில்லை. வாரியத்தின் சிவப்பில் பாதிக்கு மேல் யோகேஸ்வரி கையால் மருந்து அடைத்தது.

முதல் நாள் ராம்குமார் தலையில் ஹெல்மெட்டோடு நின்று திரியில் நெருப்பு வைத்தான். சிவப்பு மேலே போய் விரிந்தது. ஊர் பைத்தியம் பிடித்த மாதிரி ஓடியது. அரைத்த மாவு கையோடு, சோப்பு நுரை தலையோடு, எல்லாப் பாதையும் கம்பெனி கேட்டுகளை நோக்கித்தான். ஆரோக்கியத்தின் வண்டி சைரன் அலற வந்து நின்றது. பொன்னுத்தங்கம் செருப்பில்லாமல் கருவேல முள்ளில் ஓடி கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகள் பெயரைச் சொல்லிக் கத்தினாள். யோகேஸ்வரி கையெல்லாம் மருந்துப் பொடியோடு வெளியே வந்து, “எம்மா, எனக்கு ஒண்ணுமில்ல, அழாத,” என்றாள்.

ராம்குமார் மேல்நிலைத் தொட்டியில் ஏறி நின்று பைனாகுலரில் இதையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தான். வாரியத்தின் பாஷையில் இதற்குக் குறுக்கீடு என்று பெயர். ஒளிபரப்பைப் பார்த்து, ஒளிபரப்பாளர் நினைக்காத காரியத்தை ஒருவர் செய்தால் அவர் குறுக்கீடு. கீழக்கரிசல்பட்டியில் குறுக்கீடு உலகிலேயே அதிகமாக இருந்தது. அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரவேண்டும் என்று லட்சுமிகாந்தம் உத்தரவிட்டார்.

மைக் கட்டிய ஆட்டோ ஊரைச் சுற்றியது. ‘பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. வானத்தில் தெரியும் சிவப்பு உங்களுக்கானது அல்ல. ஓட வேண்டாம். பதற வேண்டாம். பதறுவது குறுக்கீடாகக் கருதப்படும்.’ பிறகு பள்ளிக்கூடத்தில் பொங்கலும் வடையும் போட்டு ஒத்திசைவுப் பயிற்சி முகாம். ராம்குமார் திடீரென்று ஒரு சிவப்பு அட்டையைத் தூக்கிக் காட்டுவான். எல்லோரும் செய்துகொண்டிருந்த காரியத்தைச் செய்துகொண்டே இருக்க வேண்டும். தின்கிறவர் தின்ன வேண்டும், பேசுகிறவர் பேச வேண்டும். ஊர் இரண்டாம் பந்திக்குள் கற்றுக்கொண்டது. பொன்னுத்தங்கத்துக்கு மட்டும் வரவில்லை. அட்டையைப் பார்த்த மாத்திரத்தில் இலையை விட்டு எழுந்துவிட்டாள்.

“தலைவரே இப்படி இருந்தால் மக்களுக்கு யார் முன்மாதிரி?” என்று லட்சுமிகாந்தம் மைக்கிலேயே கேட்டார். பந்தியே சிரித்தது.

ஆரோக்கியம் ஒரு மாதம் தாக்குப்பிடித்தான். பிறகு ஒரு நாள் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“அக்கா, இனிமே சிவப்பப் பாத்து வண்டிய எடுக்க முடியாதுக்கா. ஆளே இல்லாம தெனமும் போயிட்டு வாரேன்னு மேல விளக்கம் கேட்டிருக்காக. வேலை போயிரும்.”

“நெசமாவே ஆச்சுன்னா தம்பி?”

“யாரையாச்சும் பைக்ல அனுப்பிச் சொல்லுங்க, பறந்து வாரேன். பதினோரு மணிக்கு வாரதுக்கு மட்டும் எடுக்காம, மத்ததுக்கு எடுக்கலாம்னுதான் நெனச்சேன். ஆனா அவுக சொன்ன நேரத்துக்கா விடுறாக? ஒரு நாளு மழைங்காக, ஒரு நாளு திரி நமுத்துப்போச்சுங்காக.”

அதுவும் உண்மைதான். உலக நேரத்தோடு ஒத்திசைந்த கடிகாரம் ஒன்றை ராம்குமார் மணிக்கட்டில் கட்டியிருந்தான். வாணத்துக்கு அது தெரியாது.

ஊர் ஓடுவதை நிறுத்தியது. முதலில் ஆண்கள், பிறகு கிழடுகள், கடைசியில் தாய்மார்கள். பொன்னுத்தங்கம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தாள். சிவப்பு மேலே எழும்பினால் அவள் கால் அவள் பேச்சைக் கேட்பதில்லை. பார்க்கிறவர்கள், “தலைவரம்மா, பஸ்ஸு போயிருச்சா?” என்று கேலி பேசினார்கள். கடைசியில் யோகேஸ்வரியே அவளை உட்கார வைத்துச் சொன்னாள்.

“எம்மா, இனிமே கேட்டுக்கு வராத. எல்லாம் சிரிக்கிறாகன்னு சொல்லல. சிவப்பு போனா நீ ஓடி வாரேன்னு எனக்குத் தெரியும். முள்ளுல விழுந்துட்டியோ, ரோட்டுல லாரி வருதோன்னு எம் புத்தி ஒங்கூடவே ஓடுது. மருந்து அடைக்கிற கை நெலையா இருக்கணும்மா. நடுங்கக் கூடாது. நீ வந்தா நடுங்குது.”

பொன்னுத்தங்கம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாரியம்மன் மேல் சத்தியம் செய்து கொடுத்தாள். அதற்கப்புறம் சிவப்பு வரும்போதெல்லாம் கையில் இருப்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நின்று நின்று, ஒரு நாள் நெஞ்சு அடித்துக்கொள்ளாமலேயே நிற்க முடிந்தது. பெரிய விடுதலையாக இருந்தது. வாரியம் சொல்வதிலும் ஏதோ இருக்கத்தான் செய்கிறது என்றுகூட நினைத்தாள்.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் பொதுக்குழாயில் தண்ணீர்ச் சண்டை. தலைவி என்ற முறையில் நடுவில் நின்று வரிசை பிரித்துக்கொண்டிருந்தாள். கிழக்கே ஒரு வெடிச் சத்தம் கேட்டது. யாரும் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் சிவப்பு வாணம் எழும்பி விரிந்தது. குடத்தோடு நின்ற ஒருத்தி நிமிர்ந்து பார்த்துவிட்டு, “இன்னைக்கு முந்தியே விட்டுட்டாக,” என்றாள்.

பொன்னுத்தங்கமும் நிமிர்ந்து பார்த்தாள். நல்ல கெட்டிச் சிவப்பு. “விட்டா விடட்டும், நீ குடத்தத் தள்ளி வையி,” என்றாள்.

வரிசை பாதி நகர்ந்திருக்கும். பள்ளிக்கூட மைதானத்திலிருந்து, வழக்கமான இடத்தில், இன்னொரு சிவப்பு வாணம் மேலே போனது.

குழாயடியில் எல்லோரும் மைதானத்துப் பக்கம் திரும்பினார்கள். வாரியம் ஒரு நாளைக்கு ஒன்றுதான் விடும். இது வாரியத்தினுடையது என்றால் முன்னால் போனது யாருடையது? பொன்னுத்தங்கத்துக்கு அது புரிந்த கணத்தை என்னால் எழுத முடியவில்லை. குடங்களை மிதித்துக்கொண்டு ஓடினாள் என்று மட்டும் சொல்கிறேன்.

மருந்து அடைக்கிற அறையில் தீப்பொறி. மற்றவர்கள் வெளியே குதித்துவிட்டார்கள். கதவுக்கு எதிர்மூலையில் இருந்தவள் யோகேஸ்வரி. பெத்தணன் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. அரக்கு முத்திரையைப் பல்லால் கடித்து உடைத்து வாணத்தை விட்டான். விட்டுவிட்டு, பழைய பழக்கத்தில், ஆம்புலன்ஸ் வரும் என்று எல்லோரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெந்துபோன பிள்ளையை வாழையிலையில் கிடத்திவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வராது என்று உறைத்து, ஒருவன் பைக்கில் பறந்து, ஆரோக்கியம் வண்டியோடு வந்து சேர்ந்தபோது பொன்னுத்தங்கமும் வந்துவிட்டாள். ஆரோக்கியம் ஸ்ட்ரெச்சரைத் தூக்கும்போதே தேம்பினான். “பாத்தேங்க்கா. நானும் பாத்தேன். டீ குடிச்சிக்கிட்டே பாத்தேன்.”

சிவகாசியில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளுடைய போனுக்கு உயிர் வந்தது. அங்கே டவர் முழுசாகக் கிடைத்தது. மாதக்கணக்கில் வழியில் நின்றிருந்த செய்திகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. ‘உங்கள் பகுதியில் டவர் இல்லை என்ற உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்த்துவைக்கப்பட்டது.’ ‘எங்கள் சேவைக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்?’ அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் டாக்டர் வெளியே வந்தார். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று சொல்லிவிட்டு, அதைச் சொன்னதற்காக அவளைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

லட்சுமிகாந்தம் துக்கம் விசாரிக்க வந்தார். மாலை கொண்டுவந்திருந்தார்.

“அம்மா, உங்கள் இழப்பை வாரியம் தன் இழப்பாகக் கருதுகிறது. ஆனால் ஒன்றை உங்களுக்குத் தெளிவுபடுத்தவேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. அன்றைக்கு வானத்தில் தெரிந்த இரண்டு சிவப்பில் முதலாவது எங்களுடையது அல்ல. எங்களுடையது சரியான நேரத்துக்குத்தான் போனது. அன்றைக்குத்தான் முதன்முதலாக நொடி பிசகாமல் போனது என்று ராம்குமார் சொல்கிறார்.”

பொன்னுத்தங்கம் மாலையை வாங்கி ஓரமாக வைத்தாள்.

“பச்சை விட்டிருக்கலாமே?” என்றார் ஆதங்கத்தோடு.

பெத்தணனுக்கு முத்திரையை உடைத்ததற்காக நோட்டீஸ் வந்தது. வெள்ளைத்துரைக்கு உரிமமில்லாத ஒளிபரப்புக்காக வந்தது. அவர் அபராதத்தைக் கட்டிவிட்டு, அடுத்த வருட ஆர்டருக்கு விலை எழுதிப் போட்டார்.

கார்த்திகையில் வெளிநாட்டுப் பிரதிநிதிகள் வந்தார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல், ஆளுக்கொரு ரோஜா மாலை, விருதுநகரிலிருந்து எண்ணெய்ப் பரோட்டா. காதில் மொழிபெயர்ப்புக் கருவியை மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். லட்சுமிகாந்தம் எழுந்தார்.

“மதிப்பிற்குரிய பிரதிநிதிகளே, ஓர் அலைவரிசையைக் காலி செய்வது எளிது. மனிதர்கள் அதற்கு வைத்திருக்கிற அர்த்தத்தைக் காலி செய்வதுதான் கடினம். இந்த எளிய கிராமம் அதைச் சாதித்துக் காட்டியிருக்கிறது. ஒரு காலத்தில் இங்கே ஒரு சிவப்பு எழும்பினால் ஊரே ஓடும். சில மாதங்களுக்கு முன்னால் ஒரு நாள், ஒன்றல்ல, இரண்டு சிவப்பு எழும்பின. முதலாவதற்கு ஒருவர்கூட அசையவில்லை என்று எங்கள் பொறியாளர் பதிவு செய்திருக்கிறார். உலகில் வேறெங்கும் இதுவரை எட்டப்படாத பூஜ்யம் அது. இப்போது நீங்களே பாருங்கள்.”

ராம்குமார் திரியில் நெருப்பு வைத்தான். சிவப்பு மேலே போய் விரிந்தது. குழாயடியில் குடம் நிரம்பிக்கொண்டிருந்தது. டீக்கடையில் டீ ஆற்றுகிறவன் ஆற்றிக்கொண்டிருந்தான். பிரதிநிதிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

தட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு வெள்ளைக்காரி கையை நிறுத்திவிட்டுக் கிழக்கே காட்டி ஏதோ கேட்டாள். கருவேலங்காட்டு வழியாக, செருப்பில்லாமல், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பொம்பளை ஓடிக்கொண்டிருந்தாள்.

“அவரா?” லட்சுமிகாந்தம் சங்கடமாகச் சிரித்தார். “முன்பு நன்றாகத்தான் ஒத்திசைந்திருந்தார். சமீபத்தில் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார். தினமும் ஓடுகிறார். ஒருவர்தான், அடுத்த ஆய்வுக்குள் சரிசெய்துவிடுவோம்.”

பொன்னுத்தங்கம் ஓடினாள். போய்ச் சேர்ந்தால் கையில் பொடியோடு வெளியே வந்து, எனக்கு ஒண்ணுமில்லம்மா என்று சொல்ல அங்கே ஆள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஓட வேண்டிய அன்றைக்கு ஓடவில்லை என்பதும் தெரியும். முள் குத்தியது, நிற்கவில்லை.

பெத்தணன் மட்டும் தினமும் பதினோரு மணிக்குக் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பான். அன்றைக்கும் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.